நோயாளிக்கு ரொட்டி

பிரேசர் டவுனில் எங்கள் சொந்தக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ரொட்டி, பன், ரஸ்க் என்று பேக்கரிப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, சோறு கனம், ரொட்டிதான் லேசு என்பது அவர்கள் முடிவு.

எனக்கு அப்போது ஏழு வயது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது, கைகால் குச்சி. வெளிக்குப் போனால் வெளுத்து, நுரைத்துப் போகும், நாற்றம் தாங்காது. வாயில் ஓயாத புண். தங்கை உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். இத்தனையும் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. தட்டில் என்ன போடுகிறோம் என்று ஒருவராவது யோசித்தார்களா? பூச்சி என்று விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். டாக்டர் பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொன்னார். உடம்பு மோசமாக ஆக, பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். ரொட்டியும் கூடியது. வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டால் பிடிவாதக்காரி என்று முதுகில் ஒன்று விழும். அது சீலியாக் என்ற நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் குடலைக் கெடுத்தது என்று எனக்குத் தலை நரைத்த பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். முதுகில் வாங்கிய அடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தத்தின்போது மைதா கிடைக்காமல் எங்கள் தெரு பேக்கரியை மூடிவிட்டார்கள். அரிசியும் அளவுதான். அம்மா ராகிக் கஞ்சி காய்ச்சினாள். சில மாதத்தில் என் வயிறு வற்றியது, கன்னத்தில் சதை வைத்தது, தெருவில் ஓடி விளையாடினேன். டாக்டர் கொடுத்த டானிக் வேலை செய்துவிட்டது என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

பேக்கரி திறந்ததும் அப்பாவின் அக்கா, என் அத்தை, பன் வாங்கி வந்து தன் கையாலேயே ஊட்டினாள். நான் மறுபடி படுத்துவிட்டேன். கண் பட்டுவிட்டதாம். சொன்னது அத்தைதான்.

அடுத்த வாரம் அவள் பெரிய ரொட்டியோடு வந்தாள். நாத்தனார் எதிரில் உட்காரக்கூடத் தயங்குகிற அம்மா வாசலிலேயே மறித்து நின்றாள்.

"பன்னு சாப்ட்டப்பறந்தான் ஆரம்பிச்சுது அண்ணி. பேக்கரி மூடிக் கெடந்தப்ப நல்லா இருந்தா."

"டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள் அத்தை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் பொண்ணு உசுரோட வேணும். இனிமே வெறுங்கையோட வாங்க."

அத்தை கோபித்துக்கொண்டு போனவள், பல வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வருஷங்களில்தான் நான் வளர்ந்தேன்.