மாப்பிள்ளை கட்டிய குளம்

உத்திராபதிக்கு ஐம்பத்து மூன்று வயது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் கடலூருக்கு மேற்கே இருக்கும் அந்தச் செம்மண் மேட்டு ஊரில் அவர் இன்னும் மாப்பிள்ளைதான். மலர்க்கொடியைக் கட்டிக்கொண்டு புவனகிரியை விட்டு இங்கேயே தங்கிவிட்டவர். டீக்கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். பொக்லைன் ஓட்டுகிற மாப்பிள்ளை என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள்.

ஊரை ஒட்டிய கிராவல் குவாரியில் ஆறு வருடம் அவர்தான் பொக்லைன் ஓட்டினார். குழி இருபதடி ஆழம். மழைத்தண்ணீர் சேர்ந்தால் வேலை நின்றுவிடும் என்று குத்தகைக்காரர் மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துக்கொண்டே இருந்தார். பூமிக்குள் போகவேண்டிய தண்ணீர் ஓடையோடு போனது. பக்கத்துக் கொல்லையில் பயிர் வைத்திருந்த கொளஞ்சியம்மாளின் கிணற்றில் இருபத்து நாலடியில் கிடந்த தண்ணீர் முப்பத்து மூன்றுக்கு இறங்கியது. கிணறே முப்பத்தாறடிதான்.

அதை அளந்து சொன்னவரும் உத்திராபதியே. அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, அதன் நுனியில் கவிழ்த்துக் கட்டிய எவர்சில்வர் டம்ளர். தண்ணீரைத் தொட்டதும் டொப்பென்று சத்தம் வரும். எட்டிப் பார்க்கத் தேவையில்லை, முடிச்சை எண்ணினால் போதும். டம்ளர் கொளஞ்சியம்மாளுடையது. தான் வெட்டிய குழி அந்த அம்மாளின் கிணற்றைக் குடிக்கிறது என்ற உறுத்தலில் வெள்ளிக்கிழமை தவறாமல் அளந்தார்.

குத்தகை முடிந்தது. குழியைச் சீர்செய்து ஊராட்சியிடம் ஒப்படைக்கும் வேலையும் அவர் கைக்கே வந்தது. கரையைச் சரிவாக இழுத்தார். முதல் வருடம் வழித்து ஒதுக்கி வைத்திருந்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பினார். அடியில் ஏரி வண்டலை ஒன்றரை அடி கொட்டி, தண்ணீர் விட்டு, டிராக்டரால் சேறடித்து, பரம்பு ஓட்டிச் சமப்படுத்தினார். யாரும் சொல்லாத வேலை. நெல் வயலில் வளர்ந்த புவனகிரிக்காரர் கையில் குழியைக் கொடுத்தால் வயலாகத்தான் வரும்.

ஐப்பசி மழைக்குக் குழி நிறைந்தது. கார்த்திகை, மார்கழி போயும் தண்ணீர் அப்படியே நின்றது. மலர்க்கொடியின் தம்பி செந்தமிழ்செல்வன் வார்டு உறுப்பினர். மீன்குஞ்சு வாங்கி விட்டான். "எங்க மாமா கட்டுன குளம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். உத்திராபதி கேட்காதது மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை டம்ளர் முப்பத்து நாலாவது முடிச்சில்தான் சத்தம் போட்டது. மோட்டார் நின்று ஒரு மழைக்காலமே போய்விட்டது. கிணறு ஏறியிருக்க வேண்டும்.

"எவ்ளோ மாப்ள?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"ஒரு அடி எறங்கியிருக்குது அத்தை."

"உன் குளத்துல சொட்டு எறங்கல. நல்லாத்தான் கட்டியிருக்க. அடுத்த மார்கழிக்குள்ள தண்ணி வரலன்னா நெலத்த குடுத்துட்டு திருப்பூருக்கு மவ வீட்டுக்குப் போயிடுவேன். அவ கூப்புட்டுக்கிட்டே இருக்கா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உத்திராபதிக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு குடம் தண்ணீரோடு குளத்துக்குப் போனார். கரையோரம் வண்டலில் ஒரு சின்னப் பள்ளம், மேலே வெறும் கிராவலில் ஒரு பள்ளம். இரண்டிலும் பாதிப் பாதி ஊற்றினார். கிராவலில் விட்டது பீடி பாதி எரிவதற்குள் காணாமல் போனது. வண்டலில் விட்டது சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"வயலுக்கு நல்லது எல்லாத்துக்கும் நல்லதுன்னு நெனச்சிட்டேன்" என்றார் மலர்க்கொடியிடம்.

"இத உன் மச்சான்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

செந்தமிழ்செல்வனுக்கு முகம் செத்துவிட்டது. "மாமா, தண்ணி நிக்கிற குளத்த ஒடைக்கிறதுக்கு ஊராட்சியில தீர்மானம் போடச் சொல்றியா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மச்சான். இது குளமில்ல, சட்டி. சட்டியில நிக்கிற தண்ணி கெணத்துக்கு எப்படிப் போவும்?"

அவனையும் கூட்டிப்போய் இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அவன் குந்தி, வண்டல் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு, "மீனு?" என்றான்.

ஊராட்சியில் சிரித்துக்கொண்டே தீர்மானம் போட்டார்கள். மீன் ஊருக்குக் குழம்பானது. தண்ணீரை இந்த முறை ஓடையில் விடாமல் மேல்கொல்லை முந்திரிக்கெல்லாம் பாய்ச்சினார்கள். பங்குனி வெயிலில் உத்திராபதி தான் அடித்த சேற்றைத் தானே சுரண்டினார். வண்டலை மல்லாட்டைக் கொல்லைக்காரர்கள் தங்கள் நிலக்கடலைக்கு அள்ளிப்போனார்கள். மழையில் செம்மண் கரைந்து வந்து அடியை மறுபடி அடைத்துவிடாதபடி சரிவு முழுக்க வெட்டிவேர் நட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குழி நிறைந்தது. ஐந்தாம் நாள் அடி தெரிந்தது.

"மாப்ள, உன் குளத்த எவனோ தூக்கிக்கிட்டுப் போயிட்டான்" என்றார்கள் டீக்கடையில்.

"எங்க போயிருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

உண்மையில் தெரியாது. தெரிய ஒரு மாதம் ஆனது. வெள்ளிக்கு வெள்ளி முப்பத்து நாலு, அதுவே மறுபடியும், பிறகு முப்பத்து ரெண்டு, முப்பது. கார்த்திகைக் கடைசியில் இருபத்தெட்டாவது முடிச்சில் டொப்பென்றது. அவர் கயிற்றை இழுத்துவிட்டு இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். இருபத்தெட்டுதான்.

கொளஞ்சியம்மாள் விதை மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அளவைக் கேட்கவில்லை. அவருக்கும் சத்தம் கேட்டிருந்தது.

"அப்ப என் டம்ளர அவுத்துக் குடு மாப்ள. ரெண்டு வருசமாச்சு."

"சித்திரை வரைக்கும் அளக்கணும் அத்தை. கோடையில நிக்குதான்னு பாத்துட்டுத்தான் தருவேன்."

"நல்ல ஆளு போ. டம்ளர உட்டுட்டு நான் எப்படித் திருப்பூரு போறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த காயை எடுத்தார்.