நளினி டீச்சர் ஏறாத கப்பல்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும். நிக்கோபார் தீவுல கேம்பல் பேங்கற ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் பதினோரு வருசமா தலைமை ஆசிரியை. என் வாய்க்குப் பயப்படாத ஆள் அங்க கிடையாது, நளினியைத் தவிர. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டு, சரி மேடம்னு சிரிச்சுட்டு வகுப்புக்குப் போயிடுவா. ஒண்ணாம் வகுப்பு டீச்சர். அவ அப்பா பட்டாளத்துல இருந்து ஓய்வாகி இங்க குடியேறினவர். இவ இந்தத் தீவுலயே பிறந்து வளர்ந்தவ.

டிசம்பர் வந்தா புத்தகத்துல குளிர்காலம் வந்துடும். இங்க ஏதுங்க குளிர்? ஃபேன் நின்னா பிள்ளைங்க நெளியும். பனின்னு சொன்னா, வீட்டுல தமிழ் பேசுற பிள்ளையே இந்தியில, அப்படின்னா என்ன மேடம்னு கேக்கும். வேற யாராவதுன்னா சார்ட்டுல பஞ்சை ஒட்டி, இதுதான் பனின்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நளினி விடமாட்டா. மீன் கடை காதர் பாய்கிட்ட ஐஸ் வாங்குவா. ஸ்வெட்டர் பஞ்சாப்ல இருந்து வந்து குடியேறின வீடுகள்லதான் இருக்கும், கெஞ்சிக் கூத்தாடி அதையும் கொண்டு வந்துடுவா. ஒரு ஐஸ் கட்டியை ஸ்வெட்டர்ல சுத்தி வைப்பா, இன்னொண்ணைச் சும்மா தட்டுல வைப்பா. எது முதல்ல கரையும்? ஸ்வெட்டர்ல இருக்கறதுதான்னு மொத்த வகுப்பும் சத்தியம் பண்ணும். அரை மணி கழிச்சுப் பிரிச்சுக் காட்டினா, தட்டுல இருந்தது தண்ணியாகிக் கிடக்க ஸ்வெட்டர்ல இருந்தது கட்டியாவே இருக்கும், பிள்ளைங்க வாயைப் பொளந்துட்டு நிக்கும். அந்த முகங்களைப் பார்க்கவே நானும் வருசா வருசம் போய் வாசல்ல நிப்பேன்.

போன டிசம்பர்ல பெத்தவங்களைக் கூப்பிட்டு அந்த ஐஸ் பாடத்தை நடத்தணும்னு முடிவு பண்ணது நான்தான். வெள்ளிக்கிழமைன்னு நாளும் குறிச்சேன். போர்ட் பிளேர்ல இருந்து அதிகாரி ஒருத்தர் வேற வர்றதா இருந்தாரு.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நளினி வீட்டுக்காரர் ஸ்ரீதருக்கு நெஞ்சு வலி. ஹெலிகாப்டர்ல போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. கூட ஒரு ஆளுக்குத்தான் இடம். தூக்கிப் பிடிக்க ஆம்பளை வேணுமேன்னு அவர் தம்பி விஜயன் ஏறிட்டான். நளினி வியாழக்கிழமை கப்பலுக்கு டிக்கெட் எடுத்தா.

புதன்கிழமை ஸ்ரீதரே போன்ல பேசினாராம். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன், பயப்படாதேன்னாராம். நளினி அதைச் சொல்லிட்டு என் மேசைக்கு முன்னாடி தயங்கி நின்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவருதான் தேறிட்டாரே நளினி. வெள்ளிக்கிழமை இதை முடிச்சுட்டு, திங்கக்கிழமை கப்பல்ல போம்மா."

இந்த நாக்கை என்ன செய்யறது! இந்தத் தீவுல இருபது வருசம் குப்பை கொட்டினவளுக்கு, டிசம்பர்ல கப்பல் சொன்ன நாளுக்குக் கிளம்பாதுன்னு தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சும், கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியில அட்டவணை ஒட்டிட்டா பஸ் டைம் மாதிரி நம்பிடறதுதான் எங்க எல்லாருக்கும் பழக்கம்.

வெள்ளிக்கிழமை எல்லாம் பிரமாதமா நடந்தது. அதிகாரி வரவே இல்லை. சனிக்கிழமை புயல் எச்சரிக்கை வந்துடுச்சு. திங்கக்கிழமை கப்பலும் ரத்து, ஹெலிகாப்டரும் ரத்து. நளினி பையைக் கட்டிட்டு ஜெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தா. செவ்வாய்க்கிழமை காலையில ஸ்ரீதர் போயிட்டாரு.

அடுத்த கப்பல் எப்பன்னு யாருக்கும் தெரியல. அண்ணி வர்ற வரைக்கும் வச்சிருக்கவான்னு விஜயன் கேட்டான். எத்தனை நாள்னு வைப்ப, எடுத்துடுன்னு நளினிதான் சொன்னா. பள்ளிக்கூட ஆபீஸ்ல உட்கார்ந்து வீடியோ கால்ல பார்த்தா. பாதியில நெட்வொர்க் போய்ப் படம் அப்படியே நின்னுடுச்சு. அவ போனைக் கீழ வைக்கவே இல்லை. நான் பக்கத்துலயே இருந்தேன். அவ தோளைத் தொடக்கூட எனக்குத் துணிச்சல் வரலை.

ஜனவரியில வேலைக்குத் திரும்பினா. ஒரு நாள் என் மூஞ்சிக்கு நேரா திட்டுவான்னு காத்திருந்தேன். திட்டினா தேவலைன்னு இருந்தது. அவ எப்பவும் போல சரி மேடம்னுட்டு வகுப்புக்குப் போனா. தாங்க முடியாம நானே அவ வகுப்புக்குப் போயி, எல்லாம் என்னாலதானேன்னு சொல்லி அழுதுட்டேன்.

நளினி கரும்பலகையைத் துடைச்சு முடிச்சா. அப்புறம் பேசினா.

"நீங்க மட்டுமா சொன்னீங்க மேடம்? அவரும்தான், பிள்ளைங்க காத்திருக்கும், முடிச்சுட்டு வான்னாரு. இட்லி சாப்பிட்டேன்னு சொன்ன அன்னைக்கு அவரால தலையைக்கூடத் தூக்க முடியலையாம். விஜயன்தான் காதுல போனைப் பிடிச்சிருக்கான். பேசி முடிச்சதும், நாளைக்கே கிளம்பி வந்துடுவா இல்லடான்னு அவன்கிட்ட கேட்டாராம்."