எண்ணெய்க் கையில் ஒரு சுண்டுவிரல்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், எது நின்றுபோனாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று திறந்து பார்த்தே பழகியவன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பியபோது என் மகள் நிலாவுக்கு எட்டு வயது. இலஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் யோகன் என்று ஒருவர் குடியிருந்தார். இலங்கைக்காரர், அங்கே சண்டையில் இருந்தவர், இங்கே வயரிங் வேலை. நிலாவுக்கு சைக்கிள் பழக்கியது அவர், பல் விழுந்தால் அவள் காட்ட ஓடுவது அவரிடம், நான் வாங்கி வந்த பொம்மை மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

சாரல் சமயத்தில் எல்லோரும் குற்றாலம் போனோம். பழைய அருவி, காலை நேரம். நிலாவுக்கு உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துவிட்டு, என் மனைவி அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழக்கடைக்குக் கூட்டிப்போனாள். யோகனும் நானும் மட்டும் இருந்தோம். அவரைக் கொஞ்சம் குத்திப் பார்க்கத் தோன்றியது.

"உங்க ஆளுகளுக்குத் துப்பாக்கியெல்லாம் எங்கன இருந்து வந்துச்சு? கடையிலயா வித்தான்?"

அவர் கோபப்படவில்லை. "கொஞ்சம் கப்பல்ல வந்தது. மிச்சம் ஆமிக்காரரிட்ட இருந்து எடுத்ததுதான்."

"உங்க துப்பாக்கி?"

"விழுந்து கிடந்த ஒரு பெடியனிட்ட இருந்து. செத்திட்டான் எண்டு நினைச்சன், சாகேல்ல. துவக்கு வாரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தான். ஒவ்வொரு விரலா விலக்கினன். நாலு விட்டிட்டுது. சுண்டுவிரல் மட்டும் விடேல்ல."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், இதை வீட்டில் சொன்னால் போதும், நிலாவை அவரிடம் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நிலா ஓடி வந்தாள், என்னைத் தாண்டிப் போய் அவர் தோளில் கிடந்த பையின் வாரைப் பிடித்தாள்.

"மாமா, குளிக்கப் போவோம்."

"ஏட்டி, அப்பாகூட வா."

"போப்பா, உனக்குத் தண்ணின்னா பயம்."

பழப் பையோடு வந்த என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. நிலாவின் விரல்களை வாரிலிருந்து விலக்க ஆரம்பித்தேன். எண்ணெய்க் கை, வழுக்கிக்கொண்டு வரவேண்டும். நாலு விரல் வந்தது. சுண்டுவிரல் வரவில்லை. நம்பினால் நம்புங்கள், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற கை இது, ஒரு குழந்தையின் சுண்டுவிரலை அசைக்க முடியவில்லை. ஐஸ் மாதிரி இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. யோகனை நிமிர்ந்து பார்த்து, "என்னோடதைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

யோகன் பையைத் தோளிலிருந்து கழற்றி அவள் கையிலேயே விட்டுவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிமிஷம் அவள் பையைக் கீழே போட்டு, "அப்பா, கை வலிக்கு" என்று அழுதாள். என்ன சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பழக்கடையிலிருந்து, அந்த அருவி இரைச்சலில், எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கவும் முடியாது. ஆனால் அவள் சொன்னதை என் மனைவியும் கேட்டாள்.

அந்த வாரமே யோகன் வீட்டைக் காலி செய்தார். "பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது நிலா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் கேட் வந்ததும் நாலு விரல்தான் விடும். சுண்டுவிரல் மட்டும், சில்லென்று, என் கையிலேயே இருக்கும். நான் இழுப்பதில்லை. அதுவாக விடும்வரை நின்றுகொண்டிருப்பேன்.