சிவப்பு இல்லை என்று சொன்ன பக்கம்

அலுமாரி நிறையச் சிவப்புச் சேலை இருக்க, எங்கள் இணையப் பக்கம் மட்டும் தேடுகிறவர்களிடமெல்லாம் "சிவப்பு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கணினியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

சேலைகள் மதினியுடையவை. என் காக்கா, அதாவது மூத்த அண்ணன், கலியாணம் முடித்துப் போன வீடு மருதமுனையில். அங்கே மதினி கைத்தறியில் நெய்கிறார். நெய்ததெல்லாம் கல்முனை பசாரில் ஒரு முதலாளியின் கடைக்குப் போய், அந்தக் கடையின் பெயரில்தான் விற்கும். "என்ட சேல என்ட பேர்ல போகணும் புள்ள" என்று மதினி ஆசைப்பட்டதால், பைத்தன் என்ற கணினி மொழியில் நான் எழுதிக் கொடுத்த விற்பனைப் பக்கம் அது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஒன்றும் விற்காவிட்டால் மறுபடியும் முதலாளியிடமே கொடுத்துவிடுவது என்று பேச்சு. பெருநாளோ நெருங்கிவிட்டது.

என் கணினியில் தேடினால் சிவப்பு வரத்தான் செய்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போய், மதினியின் போனை வாங்கித் தேடினேன். இல்லை என்றது! அப்போதுதான் கண்ணில் பட்டது.

மதினிக்கு ஒரு வழக்கம் உண்டு. சேலையின் நிறத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது, பெரிய கரை என்றால் முழுக்கக் கெபிட்டல் எழுத்து, சின்னக் கரை என்றால் முழுக்கச் சிம்பிள் எழுத்து, அதாவது சின்ன எழுத்து. நானும் அப்படியே பதிந்திருந்தேன். போனோ தன் பாட்டில் முதலெழுத்தை மட்டும் கெபிட்டலாக்கிவிடுகிறது. மனிதருக்கு மூன்றும் சிவப்புத்தான். கணினிக்கு மூன்றும் வேறு வேறு.

"இவ்வளவுதானா!" என்று நான் போட்ட சத்தத்தில் தறி நின்றுவிட்டது.

எழுத்தையெல்லாம் சிம்பிளாக்க லோவர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. தேடும் சொல்லுக்கும் போட்டேன், பதிந்த பெயர்களுக்கும் போட்டேன். சிவப்பு வந்தது! நான் துள்ளிக் குதிக்க, மதினி முகத்தைச் சுளித்தார்.

"என்னடி செஞ்சாய்? என்ட பெரிய கரையெல்லாத்தையும் சின்னக் கரையாக்கிட்டியே!"

அவசரக்குடுக்கை நான், பதிந்திருந்த பெயர்களையே மாற்றிவிட்டிருந்தேன். திரும்பவும் உட்கார்ந்தேன். மதினி எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் இரண்டையும் சிம்பிளாக்கிப் பார் என்று மாற்றினேன். இப்போது எப்படித் தேடினாலும் பெரிய கரையும் சின்னக் கரையும் சோடியாக வந்து நின்றன. சந்தோசத்தில் மதினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லுமுன் சம்மாந்துறையிலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பினாள். "உம்மாக்குப் பெரிய கரை, எனக்குச் சின்னக் கரை. ரெண்டும் வேணும்." மதினி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

பெருநாளுக்கு முந்தின கிழமை முதலாளி போனில் கோல் எடுத்தார். "சிவப்பு இருக்கா மகள்?"

"ஓம், இருக்கு," என்றார் மதினி. "என்ட பேர்ல பக்கம் இருக்கு முதலாளி, தேடிப் பாருங்க. எந்த எழுத்துல அடிச்சாலும் வரும்."