லாடக்காரர் கண்ட எல்லைக்கல்

பூந்தமல்லி வட்டாரத்தில் நாலு கால் உள்ள எதுவும் மதார் சாகிபிடம் லாடம் அடித்துக்கொள்ளாமல் நடந்ததில்லை, கயிற்றுக் கட்டில் உள்பட. சரி, கட்டிலைக் கழித்துவிடலாம். மாடுகளிலும் பாதியைக் கழித்துவிடலாம். வெள்ளைக்காரன் காலத்துக் கரையான்சாவடியில் அவர் பெயரெடுத்தது லாடத்தால் அல்ல, வாயால். மனிதர் பொய்யே சொல்லமாட்டார். கிழட்டு மாட்டை விற்க வந்தவன் அவரைக் கண்டால் அடுத்த தெருவுக்கு ஓட்டிப்போய்விடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஹஜ்ரத், நபித்தோழர் அபூதரைப் பற்றிச் சொன்னார். வானம் நிழல் தந்தவர்களிலும் பூமி சுமந்தவர்களிலும் அவரைவிட உண்மை பேசுபவர் இல்லை என்று நபிகள் நாயகமே புகழ்ந்தார்களாம். மதார் சாகிபுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரிவாக்கத்து ஜம்புலிங்கத்திடம் போய்ச் சொன்னார். இருபது வருஷச் சிநேகிதனிடம் சொல்லாமல் இருப்பாரா?

"எங்க ஊருக்கு நீதான் பாய் அந்த அபூதரு!" என்றான் ஜம்புலிங்கம்.

அடுத்த மாதம், மாட்டுக்கு ஒரு லாடம் கழன்றுவிட்டதென்று அவரை வயலுக்கே அழைத்துப்போனான். வேலை முடிந்ததும் எல்லைக்கல்லில் சாய்ந்து உட்காரவைத்துக் கூழ் ஊற்றினான்.

"கல்லு எங்க கீதுன்னு நல்லா பாத்துக்க பாய். பக்கத்து நெலத்துக் கன்னியம்மா வம்பு பண்ணிகினு கீறா."

வயல் நடுவில் இருக்கும் கிணறு யாருக்கென்று கூடிய பஞ்சாயத்தில் மதார் சாகிப் கண்டதைச் சொன்னார்: கல், கிணற்றைத் தாண்டிக் கன்னியம்மாள் பக்கம் இருக்கிறது. அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கிணறு ஜம்புலிங்கத்துக்குப் போனது. கன்னியம்மாளின் நாற்று காய்ந்தது.

பத்தாம் நாள் அவள் வந்து ஒரு லாடத்தை அவர் முன்னால் எறிந்தாள்.

"கெணத்துக்கு அந்தாண்ட, அவன் பக்கம் முன்ன கல்லு இருந்த எடத்துல மண்ணு புச்சா கீதேன்னு தோண்டினேன். உள்ள இது கெடந்திச்சி. யாரு கைவேல?"

அவர் கைவேலைதான். ஜம்புலிங்கத்தின் மாட்டுக்கு அடித்தது. மாட்டைக் கட்டிக் கல்லைப் பெயர்த்து இழுத்தபோது கழன்றிருக்கிறது. அதற்கு மாற்று அடிக்கத்தான் அவரையே கூப்பிட்டிருக்கிறான்!

நேரே பாரிவாக்கம் போனார். ஜம்புலிங்கம் சிரித்தான்.

"நீ இன்னா பொய்யா சொன்னே? கண்டதத்தானே சொன்னே. வேற எவன் சொன்னாலும் ஊரு நம்பாது பாய்."

அன்று மாலையே பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லி, லாடத்தை நடுவில் வைத்தார்.

"நான் சொன்னது பொய். என் சாட்சியத் தள்ளிடுங்க" என்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியம்மாள் எழுந்தாள்.

"பொய் இல்ல பாய். பாத்ததத்தான் சொன்னே. அந்தக் கல்ல என்னிக்கு நட்டான்னு அவன கேக்கல, அங்கியே கெடக்குற என்னையும் ஒரு வார்த்த கேக்கல. அதச் சொல்லு."