பெயரும் நட்சத்திரமும் கேட்பவள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் என் மனைவி நாகலக்ஷ்மியைத் திட்டாத பெரியவர்கள் குறைவு. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் அவள் வார்டு பொறுப்பு நர்ஸ். ஊசி போடும் முன் பெயரும் பிறந்த தேதியும் கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. சின்ன வயதில் அவளைத் தூக்கி வளர்த்த எதிர்வீட்டு மாமாவிடமும் கேட்பாள். "ஏண்டி, என்னைத் தெரியாதா நோக்கு?" என்று அவர் கத்துவார். இவள் அசையமாட்டாள்.

அப்படிக் கேட்டும் ஒருநாள் தவறப் பார்த்தது. அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பட்டாபிராமன்கள், ஒருவருக்குத்தான் இன்சுலின். இவள் மற்றவரிடம் போய்விட்டாள். பெயர் சரி, தேதியும் சரி. ஊசியைக் கிட்டே கொண்டுபோனபோது அவர், "நேக்கு ஷுகரே கிடையாதேம்மா" என்றார். விசாரித்தால், இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. ஜாதகம் கொண்டுவராத பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் ஒரே பிறந்த தேதியை எழுதித் தள்ளியிருக்கிறார், புண்ணியவான்!

வேறு யாரும் பார்க்கவில்லை. தர அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு அடுத்த வாரம் வருவதாக இருந்தது. இவளோ நேரே நிர்வாகி டாக்டர் ஹரிகுமாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலையல்லோ சிஸ்டர்? இன்ஸ்பெக்ஷன் கழியட்டும். இப்ப எழுதிக் கொடுத்தா உங்க சார்ஜ்தான் போகும், கேட்டோ."

"போகட்டும் டாக்டர். இன்னிக்கு அந்தப் பட்டாபிராமன் மாமா வாயைத் திறந்தார். நாளைக்கு வாய் திறக்காதவா வந்தா?"

நடந்ததை எழுதிக் கொடுத்தாள். வார்டே கூடி உட்கார்ந்து பேசியது. தேதியை மறந்தாலும், கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லி நட்சத்திரத்தை இங்கே யாரும் மறப்பதில்லை. அதனால் கையில் கட்டும் பட்டையின் எண்ணைப் பார்ப்பதோடு நட்சத்திரமும் கேட்பது என்று முடிவாயிற்று. நட்சத்திரம் பார்க்காதவர்களிடம் வீட்டுப்பெயர்.

ஆய்வுக்கு வந்த அம்மாள், "இந்தக் கேள்வி எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"விதியில இல்லை மேடம். என் தப்புலேர்ந்து வந்தது" என்று முழுக் கதையையும் சொன்னாள் நாகலக்ஷ்மி. ஹரிகுமார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அங்கீகாரம் கிடைத்தது; பொறுப்பும் அவளிடமே இருக்கிறது. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

போன மாதம் காய்ச்சலோடு நான் அங்கே படுத்திருந்தேன். ஊசியோடு வந்து நின்றாள்.

"உங்க பேர்?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"ஸ்ரீநிவாஸ். அவிட்டம் நட்சத்திரம். நாகலக்ஷ்மியோட ஆம்படையான்!"