ஆடிக் காற்றில் நின்ற காத்தாடிகள்

2012 ஆடி மாதம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் பொறியாளராக இருந்த நான், வேலை முடிந்து நாகர்கோவில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் பிளான்ட் நடத்துபவர். கண்டக்டர் "கைய உள்ள எடும் வே!" என்று அதட்டியும் கேட்காமல், ஜன்னலுக்கு வெளியே விரல்களை விரித்துக் காற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்தக் காத்துல காத்தாடி எல்லாம் ஏன் சார் சும்மா நிக்கு? அங்க கரண்டு இல்லாம எனக்க ஐஸ் உருகி, மீன் நாறிக் கெடக்கு."

காற்றாலைகள் தரும் அவ்வளவு மின்சாரத்தையும் எங்கள் கம்பிகள் தாங்காது. மிஞ்சுவதைச் சேர்த்துவைக்கவும் வழியில்லை. புதிய மின்பாதை கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தேன். அன்று காலை காற்றாலைகளை நிறுத்தச் சொன்னவன் நான்தான். ஊரில் மின்வெட்டோ அட்டவணைப்படி நடந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் சொன்னால் திட்டுவார் என்று பயந்து, "ரிப்பேரா இருக்கும்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "ரிப்பேர்தானா? எனக்க மச்சினன் மஸ்கட்டுல மெக்கானிக்காக்கும். லீவுக்கு வந்திருக்கான். நாளைக்கே கூட்டிட்டு வாறேன், பைசா ஒண்ணும் வேண்டாம். யாரப் பாக்கணும் சார்?"

"தெரியாது" என்றேன்.

மறுநாள் மச்சினனோடு வந்து, அவர் எந்தெந்தக் காத்தாடியின் கீழே போய் நின்றாரோ!